பன்றி முதுகிறைச்சி, யாழ்ப்பாணத்துத் தூள், லண்டன் பெட்டி

யாழ்ப்பாணத்தில் பன்றி இறைச்சி என்றால் பிரட்டல்தான். தோலும் கொழுப்பும் எலும்புமாகக் கலந்து வெட்டிய இறைச்சியை உப்பும் மஞ்சளும் கொறுக்காப்புளியும் (கோரக்கா) போட்டு அவியவிட, கொழுப்பு மெல்ல உருகி வரும். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை இலை, கறுவா எல்லாம் வதங்கி, வறுத்துத் திரித்த தூள் விழுந்து, அடிபிடிக்குமோ என்று பயப்படும் கட்டம்வரை பிரட்டி இறக்கினால் கறுத்து மினுங்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் அந்த வாசம் இல்லாத ஒழுங்கை குறைவு. சைவ வீடுகளில் பெரும்பாலும் அது குசினிக்குள் வராது. சாப்பிடுகிற ஆம்பிளைகள் இருந்தால் கோடிப்பக்கம் மூன்று கல்லு வைத்து, அதற்கென்று ஒதுக்கிய சட்டியில் சமைத்து, கள்ளுக்குப் பைற்றாக முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உள்ளே வருவார்கள்.

இந்தப் பிரட்டலை எயார் ஃபிரையரில் செய்யப்போகிறேன் என்று யாராவது வந்தால் நானே மறிப்பேன். தோல் இளகவும் கொழுப்பு உருகவும் நெடுநேரம் ஈரச்சூடு வேண்டும். அந்தப் பெட்டி தருவது காய்ந்த சூடு, அதுவும் காற்றோடு. ஆனால் அதே பன்றியில் அந்தப் பெட்டிக்கு ஏற்ற துண்டு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் அதைத் தனியாக எடுப்பாரில்லை. எலும்போடு சேர்த்துக் கொத்தி, மற்றத் துண்டுகளோடு கலந்து, நிறுத்துத் தந்துவிடுவார்கள்.

முதுகெலும்புக்கு உட்பக்கமாக, இடுப்பை நோக்கி நீளமாக ஒட்டிக்கிடக்கும் சதை அது. இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக ஒரு பன்றிக்கு இரண்டே இரண்டு. ஒன்று கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும், பன்றியின் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். ஒரு நுனி மொத்தம், அதாவது தடிப்பு, மறு நுனி வால்போல ஒடுங்கியிருக்கும். நடக்கவும் நிற்கவும் காலும் தோளும் படுகிற பாட்டை இந்தச் சதை படுவதில்லை, அதனால் மிருது. கொழுப்பும் மிகக் குறைவு. ஆங்கிலக் கடைகளில் டெண்டர்லொயின் என்பது இதைத்தான். முதுகின் மேற்பக்கத்தில் அகலமாக வரும் லொயின் வேறு, அதற்கு நேரமும் கூட எடுக்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் செய்முறை தேடினால் கணக்குப் பிழைக்கும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சாளுக்கு இதெல்லாம் பெரிய கதையே இல்லை. அங்கே மசாலை பூசி, பிளாஸ்டிக் உறையில் இறுக்கி அடைத்தே கடையில் கிடக்குமாம். உறையை வெட்டி, கூடைக்குள் போட்டு, பொத்தானை அமத்திவிட்டு வட்ஸப்பில் எங்களோடு கதைக்கத் தொடங்குவார். கதை முடிய முன்னரே சாப்பாடு முடிந்துவிடும். இங்கே என்றால் வெள்ளாப்பில் இறைச்சிக் கடைக்குப் போய், கத்தி விழ முன்னர் சொல்ல வேண்டும். கடைக்கார அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எலும்பும் இல்லை, நெய்யும் இல்லை. அதில என்ன ருசி இருக்கு தம்பி?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ருசியை நாங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் சிலவேளை கிடைக்கும். உறைந்த துண்டை முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே மேசையில் வைத்து இளகவிட்டால் எங்கள் வெக்கைக்கு மேற்புறம் பழுதாகத் தொடங்கும்போதும் நடு கல்லாகத்தான் இருக்கும். 2024 கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைப் பண்ணைகளில் பரவியபோது பன்றி இறைச்சி பக்கமே போகவேண்டாம் என்று சொன்ன சனம் இருக்கிறது. அந்த வைரஸ் பன்றியைக் கொல்லும், மனிதருக்குத் தொற்றாது. மனிதர் பயப்பட வேண்டியவை வேறு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெட்டி. பிலிப்ஸ் நிறுவனம் 2010 இல் இதைச் சந்தைக்கு விட்டபோது எண்ணெய் குறைந்த பொரியல் என்று சொல்லித்தான் விற்றது. உண்மையில் இது ஒரு சின்ன வெதுப்பி. மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் விசிறி, கீழே ஓட்டைக் கூடை. இடம் சின்னது, காற்று வேகம், அதனால் இறைச்சியின் மேல் ஈரம் கெதியாகக் காய்ந்து நிறம் பிடிக்கிறது. அவ்வளவுதான் வித்தை.

யாழ்ப்பாண வீடுகளுக்கு இந்தப் பெட்டி கடையால் வந்ததைவிடச் சூட்கேஸால் வந்தது அதிகம் என்று நினைக்கிறேன். லண்டனால் வந்தவருக்குப் பிரச்சினை இல்லை. அங்கும் 230 வோல்ட், இங்கும் 230. சதுரப் பின்னும் எங்கள் புதிய பிளக்குக்கு அப்படியே பொருந்தும். கனடாவால் வந்ததுதான் அலுமாரிக்கு மேல் பெட்டியோடு தூங்கும். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நேரே மாட்டினால் கம்பிச்சுருள் தாங்கவேண்டியதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறப் பார்க்கும், ஏறமுன்னர் எரிந்துவிடும். 1500 வாட் தாங்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம். அதன் பாரத்தையும் விலையையும் பார்த்தால் இங்கேயே புதிதாக ஒரு ஃபிரையர் வாங்கிவிடத் தோன்றும். கனடாவில் இருந்து வரப்போகிறவர்களிடம் இதை முதலே சொல்லிவிடுங்கள், பாவம், அந்த நிறைக்கு வேறு எதையாவது கொண்டுவரட்டும். இன்னொன்று: பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் வட்டப்பின் பிளக்கில் அடப்டர் போட்டு இதை மாட்டக்கூடாது. 1500 வாட் என்றால் ஆறரை அம்பியர் இழுக்கும். பிளக் இளகிப்போன பிறகு யோசித்துப் பலனில்லை.

பின்னேரங்களில் சில ஒழுங்கைகளுக்கு வோல்டேஜ் விழுகிறது. 230 என்பது 200 ஆக இறங்கினாலே சூட்டின் வலு கால்பங்கு குறைந்துவிடும், பெட்டி சூடேறச் சுணங்கும். ஸ்காபரோ மச்சாளின் 20 நிமிடம் என் வீட்டு 20 நிமிடம் அல்ல. ஆகவே இந்தப் பதிவில் நான் சொல்லும் நிமிடங்களையும் ஒரு உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பவேண்டியது இறைச்சிக்குள் குத்தும் வெப்பமானியை.

சரி, தூளுக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வெளிநாட்டுச் செய்முறைகள் எல்லாம் உலர்ந்த மசாலையை இறைச்சி முழுக்கத் தேய்த்து 200 பாகை செல்சியஸில் விடச் சொல்கின்றன. அவர்கள் தேய்ப்பது வறுக்காத தூள்கள். எங்கள் தூள் அப்படி அல்ல. செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, நிறம் மாறி வாசம் வந்து, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கருகும் என்ற இடத்தில் இறக்கித் திரித்தது. அதாவது அந்தத் தூள் தன் வறுபடும் பங்கை ஏற்கனவே முடித்துவிட்டது. பிரட்டலில் அது தப்பிவிடுகிறது, ஏனென்றால் சட்டிக்குள் கடைசிவரை ஈரமும் கொழுப்பும் இருக்கும். எயார் ஃபிரையருக்குள் தூளுக்குக் காவல் இல்லை. 200 பாகைக் காற்று நேரே மேலே அடிக்க, முதலில் வெந்தயமும் மிளகாயும் கைக்கத் தொடங்கும். ஒட்டாத தூளை விசிறி தூக்கிக் கம்பிச்சுருளில் போட, குசினி முழுக்க இருமல்.

இதற்காகத் தூளைக் கைவிடத் தேவையில்லை. பூசும் நேரத்தை மாற்றினால் போதும். நான் இரண்டு கட்டமாகப் பூசுகிறேன்.

முதல்நாள் இரவு இறைச்சியின் மேல் இருக்கும் வெள்ளைச் சவ்வை எடுத்துவிட வேண்டும். மொத்த நுனிப் பக்கமாகப் பளபளவென்று ஒட்டியிருக்கும். கத்தி நுனியைச் சவ்வுக்குக் கீழே விட்டு ஒரு சின்ன வார் கிளப்பி, அதை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் வாயை இறைச்சிப் பக்கம் சரிக்காமல் சவ்வுப் பக்கம் சரித்து இழுத்தால் ரிபன் மாதிரிக் கழன்று வரும். இதை விட்டால் சூட்டில் சவ்வு சுருங்கித் துண்டை வளைத்துவிடும், பல்லிலும் இழுபடும். பிறகு உப்பு. அரைக் கிலோவுக்கு 8 கிராம் அளவு. ஆனையிறவுக் கல்லுப்பு என்றால் இடித்துத்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் உவர்க்க மறுபக்கம் சப்பென்று இருக்கும். ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, இஞ்சி உள்ளி அரைத்தது ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள் கொஞ்சம், நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தடவி, மூடி, இரவு முழுக்கக் குளிரில். கொழுப்பில்லாத இந்தச் சதைக்கு இரவில் உள்ளே போகும் உப்புத்தான் பெரிய உதவி. அவியும்போது நீரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேசிக்காயும் வினாகிரியும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். இரவு முழுக்கப் புளியில் கிடந்தால் மேற்புறம் மாவாகிப் போகும்.

இரண்டாவது பூச்சு ஒரு சின்னக் கோப்பையில்: வறுத்த தூள் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி, கொறுக்காப்புளி கரைத்த தண்ணீர் கொஞ்சம், பனையோலைக் குட்டானில் இருந்து நகமளவு சுரண்டிய பனங்கட்டி. குழைத்தால் பற்பசைப் பதம் வரவேண்டும். பனங்கட்டியை இதற்கு மேல் கூட்டாதீர்கள். நிறத்துக்கு அது அருமை, ஆனால் சூட்டில் தூளைவிட முந்திக் கருகுவது அதுதான்.

சமைக்க அரை மணித்தியாலம் முன்னர் இறைச்சியை வெளியே எடுத்து, மேலே கசிந்திருக்கும் நீரை ஒற்றி எடுக்கிறேன். ஈரம் இருந்தால் பெட்டி முதலில் அதைக் காயவைக்கத்தான் நேரம் போக்கும், நிறம் பிடிக்காது. முழுத்துண்டு என் கூடைக்கு நீளம் அதிகம், ஆகவே இரண்டாக வெட்டி, வால்பக்கத்தின் ஒடுங்கிய நுனியை உள்ளே மடித்து நூலால் கட்டிவிடுவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும், காற்றுப் போக. பெட்டியை வெறுமையாக 200 பாகையில் சூடேற்றி, இறைச்சியை வைத்து 8 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டல். இப்போது மேலே லேசாகப் பொன்னிறம் ஏறியிருக்கும். வெளியே இழுத்து இரண்டாவது பூச்சைத் தாராளமாகப் பூசி, சூட்டை 175க்கு இறக்கி மீண்டும் உள்ளே. இன்னும் 8 முதல் 12 நிமிடம் எடுக்கும். தேங்காய்ப்பாலின் ஈரம் தூளைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். ஈரம் வற்றி, எண்ணெய் மேலே தெரிந்து, தூள் இறைச்சியோடு இறுகி ஒட்டும்போது துண்டும் அவிந்திருக்கும். அப்போது வரும் வாசம் அசல் பிரட்டல் வாசம். பக்கத்து வீட்டு நாய் மதிலடிக்கு வந்துவிடும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் எங்கள் வீட்டில் வழக்கு.

அம்மாவுக்குப் பன்றி இறைச்சி என்றால் கேள்விக்கே இடமில்லை, நல்லா அவியவேண்டும். நான் முதலாவது துண்டை வெட்டிக் காட்ட, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "உது இன்னும் அவியேல்லை மோனை. உள்ளுக்கு ரோஸ் நிறமாக் கிடக்கு." வெப்பமானியில் 64 காட்டுது அம்மா என்றேன். "அது லண்டன் மெசின். லண்டன் பண்டிக்குச் சரியாயிருக்கும்."

சிரித்தாலும் அதில் விசயம் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் நெடுங்காலம் பன்றி இறைச்சிக்கு 71 பாகை செல்சியஸ் என்று சொல்லிவந்தது. 2011 இல் முழுத்துண்டுகளுக்கு அதை 63 ஆகக் குறைத்து, இறக்கிய பிறகு 3 நிமிடம் ஆறவிடச் சொன்னது. அரைத்த இறைச்சிக்கு 71 அப்படியே இருக்கிறது. அங்கே பன்றி கொட்டிலுக்குள் அடைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பது, ட்ரிக்கினெல்லா என்ற புழு பண்ணைப் பன்றியில் மிக அரிதாகிவிட்டது, இருந்தாலும் 63க்குத் தப்பாது. எங்கள் பக்கம் எல்லாப் பன்றியும் அடைத்து வளர்த்தது என்று யார் உத்தரவாதம் தருவது? கண்ட இடத்தில் மேய்ந்து திரியும் பன்றியின் தசையில் நாடாப்புழு கூடு கட்டியிருக்கலாம். அம்மாவின் தலைமுறை இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, ஆனால் நல்லா அவிக்கவேண்டும் என்று பிடித்த பிடி சும்மா வந்ததல்ல.

என் முடிவு இதுதான். எங்கே வளர்ந்தது என்று தெரிந்த பண்ணை இறைச்சி என்றால் மொத்த நுனியின் நடுவில் 63 காட்டும்போது எடுத்து, 10 நிமிடம் மூடிவைப்பேன். வெளிப்புறத்துச் சூடு உள்ளே போய் 66, 67 வரை தானாக ஏறும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத இறைச்சி என்றால் 71. அதற்குக் கீழே இறக்கமாட்டேன். 71 இல் ரோஸ் நிறம் அநேகமாகப் போய்விடும், இரவு முழுக்க உப்பில் கிடந்த துண்டு அப்போதும் சாப்பிட நன்றாகவே இருக்கும். 80ஐத் தாண்டினால் கடைக்கார அண்ணை சொன்னதுதான் நடக்கும். நெய்யும் இல்லை, நீரும் இல்லை, வாயில் சுண்ணாம்பு. நிறத்தை மட்டும் பார்த்து அவிந்ததா என்று தீர்மானிக்க முடியாது. ஈர்க்கால் குத்தி வெளியே வரும் நீரைப் பார்ப்பதும் பெரிய பிரயோசனமில்லை. வெப்பமானியைப் பக்கவாட்டில், துண்டின் நீளத்துக்கு, நுனி நடுவில் நிற்கும்படி குத்துங்கள். மேலிருந்து குத்தினால் அடியில் கூடையின் சூட்டைத்தான் வாசிக்கும்.

இரண்டாக வெட்டியதில் ஒரு வசதியும் கிடைத்தது. ஒடுங்கிய துண்டு எப்படியும் முந்தி அவியும். மொத்தத் துண்டோடு அதையும் கடைசிவரை விட்டால் நடு 75க்கு மேல் போய், வெள்ளையாக வரும். அது அம்மாவுக்கு. இப்போது வழக்கு இல்லை.

ஆறவிட்ட துண்டை நாருக்குக் குறுக்கே, சின்னவிரல் தடிப்பில் வெட்டவேண்டும். ஓரத்தில் கறுத்த தூள் வளையம், உள்ளே வெளிறிய சதை. கூடைக்குக் கீழே தட்டில் இரண்டு மூன்று கரண்டி சாறு தேங்கியிருக்கும், அதை ஊற்றிவிடாதீர்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக வெட்டி, அந்தச் சாற்றில் போட்டு, இப்போதுதான் தேசிக்காயைப் பிழிந்து, துண்டுகளுக்கு மேல் பரவினால் போதும். சுடச்சுட, மொறுமொறுவென்று சுட்ட றோஸ் பாணுக்கு இது அளவெடுத்ததுபோல. புட்டுக்குச் சரிவராது, புட்டுக்குக் குழம்பு வேண்டும். ஒரு சொதி வைத்தால் சமாளிக்கலாம், ஆனால் புட்டு என்றால் பேசாமல் பிரட்டலையே வைத்துவிடுங்கள் என்பது என் கருத்து. மின்சாரச் செலவு முழுவதற்கும் அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற ஞாபகம் உள்ளவர்களுக்கு இது ஆறுதலான கணக்கு, அதே ஆண்டு 13 மணித்தியாலக் கரண்ட் கட்டும் இருந்தது என்பதை மறந்துவிட்டால்.

கரண்ட் என்றதும் ஒன்று. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து முழு நாட்டுக்கும் மின்சாரம் நின்றது. அமைச்சரே சொன்ன காரணம் அது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி தாண்டிய நேரம். யாழ்ப்பாணத்தில் இறைச்சி அடுப்பில் இருக்கும் சரியான நேரம். அப்படிப் பாதியில் நின்றால், கரண்ட் வரும் வரும் என்று அரைகுறையாக அவிந்த இறைச்சியை இளஞ்சூட்டில் பெட்டிக்குள் வைத்துக் காத்திருக்கக்கூடாது, கிருமி பெருகுவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. உடனே எடுத்து, வட்டமாக வெட்டி, தாச்சியில் எண்ணெய் விட்டு காஸ் அடுப்பில் முடித்துவிடுங்கள். ருசியில் பெரிய குறை வராது.

கூடையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐந்து சந்திப் பக்கம் இருக்கும் முஸ்லிம் நண்பர் வந்தால், எயார் ஃபிரையரில் பொரித்த உருளைக்கிழங்கை அவருக்கு நீட்டுவதில்லை. எத்தனை முறை கழுவினாலும் பன்றி போன கூடை அது. அவருக்கு பிளேன் ரீயும் கடை பிஸ்கட்டும். பக்கத்து வீட்டு அன்ரி நவராத்திரிக்கு வடை சுட்டுப் பார்க்க ஒருநாளைக்கு இரவல் கேட்டபோதும் உள்ளதைச் சொன்னோம். "ஐயோ வேண்டாம் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே போனவர், அடுத்த மாதம் பிள்ளைகளிடம் சொல்லிச் சொந்தமாக ஒன்று எடுப்பித்துவிட்டார். லண்டனால்தான்.

மிஞ்சினால் எயார் ஃபிரையரில் மறுபடி சூடாக்க வேண்டாம், காய்ந்துவிடும். குளிரில் வைத்து மூன்று நாளுக்குள் முடிக்கலாம். மெல்லிய கீற்றாக வெட்டி, தாச்சியில் வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளியும் கூட்டெரிப்பில் வதக்கி, கட்டைத்தூள் (கரகரப்பாக இடித்த செத்தல்) தூவி, கடைசி ஒரு நிமிடம் மட்டும் இறைச்சியைப் போட்டுப் பிரட்டினால் டெவல். நான் அடுத்தநாள் டெவலுக்காகவே சிலவேளை இரண்டு துண்டு கூட வாங்குகிறேன், கடைக்கார அண்ணை இப்போது கேள்வி கேட்பதில்லை.